சேற்றில் சிக்கும் குட்டி யானைகள்



யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். நிஜ யானைக்கு எப்போதாவதுதான் சறுக்கும். நம்ம ஊர்க் குட்டி யானைக்கோ ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் சறுக்காத நாளே இல்லை! 2005-ல் டாடா ஏஸ் வந்த பிறகு, மாட்டு வண்டி போன பாதையில் எல்லாம் லோடு வேன் போகிறது. மல்லிகைத் தோட்டம், வெங்காயக் காடு, செங்கல் காளவாசல், கண்மாய்க் கரை என்று அது நுழையாத இடம் இல்லை. நுழைவது சரி. மாட்டிக்கொண்டால் வெளியே வருவதற்கு அந்த வண்டியில் என்ன இருக்கிறது? பெரும்பாலும் ஒரு ஸ்டெப்னி, ஒரு ஜாக்கி, தார்ப்பாய் கட்டுகிற கயிறு. அவ்வளவுதான்! இது போதாது, இதை மாற்றுவதில் டிப்ளமோ படிக்கிற நமக்கும் பங்கு உண்டு என்பது என் கருத்து.

முதலில் மண்ணைப் பார்ப்போம். திருமங்கலம், கள்ளிக்குடி, தே.கல்லுப்பட்டி, பேரையூர் பக்கம் கரிசல் பூமி. கரிசலில் மாண்ட்மொரில்லனைட் என்ற களிமண் தாது இருக்கிறது. அதன் அடுக்குகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்தால் மண் உப்பும். காய்ந்தால் சுருங்கி வெடிப்பு விடும். சித்திரையில் கல்லாகக் கிடந்த பாதை ஒரே மழையில் களியாகிவிடும். டயரின் பட்டன் இடுக்கில் அந்தக் களி அப்பிக்கொண்டால், புது டயரும் மொட்டை டயர்தான்.

இனி வண்டி. குட்டி யானைக்கு 12 அங்குலச் சக்கரம். வண்டியைத் தள்ளுவது பின் சக்கரங்கள் மட்டுமே. லோடு வேன் ஓட்டுகிற என் மாமா ஒருநாள் கேட்டார்: “என்னமோ படிக்கிறியே மாப்ளே, வண்டி பொதைஞ்சா ஏன் ஒத்தச் சக்கரம் மட்டும் சுத்துது, சொல்லு பாப்போம்?” எங்கள் குடும்பத்தில் வண்டி ஓட்டுபவர்கள் உண்டு, அதைப் புத்தகத்தில் படித்தவன் நான் ஒருவன்தான். டிஃபரன்ஷியல் இரண்டு பக்கமும் சமமான டார்க்கைத்தான் அனுப்பும். ஒரு சக்கரம் பிடிமானம் இழந்து சும்மா சுற்றினால், மறு சக்கரத்துக்கும் அந்தச் சொற்ப டார்க்தான் போகும் என்று சொன்னேன். “அப்ப ரேஸ் குடுத்து என்னடா பிரயோஜனம்?” என்றார். அதுதான் விஷயம்! ரேஸ் கொடுக்கக் கொடுக்க டயர் குழி தோண்டும். கடைசியில் ஹவுசிங் மண்ணில் உட்கார்ந்துவிடும்.

அதன்பின் நடப்பது நமக்குத் தெரியும். லோடுமேன் இறங்கித் தள்ளுவார். சக்கரத்துக்குக் கல்லைக் கொடுப்பார். சுற்றுகிற டயர் அந்தக் கல்லைத் துப்பினால் முழங்கால் போச்சு. வண்டி திடீரென்று பின்னால் உருண்டால் ஆளே போய்விடுவார். மொட்டு விரிவதற்குள் மல்லிகை மாட்டுத்தாவணிக்குப் போகாவிட்டால் காசு நஷ்டம். அந்த நஷ்டத்தை நாளைக்குச் சம்பாதிக்கலாம். காலை எப்படிச் சம்பாதிப்பது?

ஜீப் வைத்து மலை ஏறுகிறவர்கள் வின்ச் அது இது என்று வாங்கி மாட்டுகிறார்கள். நம் வேனுக்கு அதெல்லாம் வேண்டாம். ஒரு மண்வெட்டி, கனமான பலகை இரண்டு, பழைய சாக்கு ஆறு, நல்ல இழுவைக் கயிறு ஒன்று, டி-ஷேக்கிள் இரண்டு, சக்கரத்துக்கு முட்டுக் கட்டை, காற்றுப் பம்பு, கையுறை, டார்ச். இவ்வளவுதான் நான் சொல்லும் பட்டியல். லோடை இறக்கி, சக்கரத்தின் முன்னால் மண்ணைச் சரிவாக வெட்டி, சாக்கையோ பலகையையோ திணித்து, ஆட்களை விலகச் சொல்லிவிட்டு மெதுவாக நகர்த்தினால் பல நேரம் வண்டி தானாகவே ஏறிவிடும். டயரில் கொஞ்சம் காற்றை இறக்கினால் மண்ணில் படும் பரப்பு கூடும். ஆனால் ரோட்டுக்கு வந்ததும் மறுபடி அடித்தாக வேண்டும். பம்பு அதற்குத்தான்.

பலகை எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. ஜாக்கியின் அடிப்பாகம் 10 செ.மீ.க்கு 10 செ.மீ. என்றால் 100 சதுர செ.மீ. அதன் மேல் 600 கிலோ ஏறினால் சதுர செ.மீ.க்கு 6 கிலோ. ஜாக்கி வண்டியைத் தூக்காது, தானே பூமிக்குள் போகும். அடியில் 30-க்கு 40 செ.மீ. பலகை போட்டால் அதே பாரம் 1200 சதுர செ.மீ.க்குப் பரவும், சதுர செ.மீ.க்கு அரை கிலோதான். ஆனால் எந்தப் பலகை போட்டாலும் ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. 1920களின் கடைசியில் ரால்ஃப் பேக்னால்ட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் ஃபோர்டு கார்களில் லிபியப் பாலைவனத்துக்குப் போனார். கெய்ரோவில் பழைய சாமான் கடையில் கிடைத்த இரும்புச் சேனல்களைச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்துத்தான் மணலிலிருந்து கார்களை மீட்டார். நம் பலகைக்கும் அதே தத்துவம்தான்!

கயிறு விஷயத்தில்தான் அதிக ஆபத்து. இழுபடும் கயிறு ஆற்றலைச் சேர்த்து வைக்கிறது. இரண்டு மடங்கு நீண்டால் நான்கு மடங்கு ஆற்றல் என்று நாம் படித்திருக்கிறோம். அறுந்தால் அத்தனையும் ஒரே அடியாக வரும். ஆகவே பம்பரில் கட்டாமல் டோ ஹூக்கில் கட்ட வேண்டும். கயிற்றின் நடுவே நனைந்த சாக்கைப் போட வேண்டும். கயிற்றின் நேர்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது. டிராக்டர் இழுத்தால், பின் அச்சுக்குக் கீழே உள்ள டிராபாரில்தான் கட்ட வேண்டும். அச்சுக்கு மேலே கட்டினால் திருப்புத்திறன் முன்பக்கத்தைத் தூக்கி, டிராக்டரை அதன் டிரைவர் மீதே கவிழ்த்துவிடும்.

“டிராக்டரைக் கூப்பிட்டா வரப்போகுது, இதுக்கு ஒரு கட்டுரையா?” என்று சிலர் சிரிக்கலாம். அதிகாலை மூணு மணிக்கு எந்த டிராக்டர் வரும்? வந்தாலும் அந்தக் கூலி பல இடங்களில் டிரைவர் தலையில்தான் விழுகிறது. வண்டி வாங்க லட்சக்கணக்கில் போடும் முதலாளி, ஒரு மண்வெட்டியையும் ஒரு நல்ல கயிற்றையும் சேர்த்து வாங்கித் தருவதுதான் நியாயம்.

நம் மாணவர் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் புரட்டாசியில், மழைக்கு முன்பாக, ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் ஒர்க்‌ஷாப்பை லோடு வேன் டிரைவர்களுக்கும் லோடுமேன்களுக்கும் திறந்துவிடக் கல்லூரியிடம் அனுமதி கேட்போம். கயிறு கட்டும் முறையை நாம் செய்து காட்டுவோம். சேற்றில் அவர்கள் கற்றதை நாம் கேட்டு எழுதிக்கொள்வோம். கடைசி வருட புராஜக்டுக்குத் தலைப்பு தேடி அலையும் நண்பர்கள், ஸ்கிராப் இரும்பில் லேசான மீட்புத் தட்டு ஒன்றைச் செய்து கரிசலில் சோதித்துப் பார்க்கலாமே! காப்பி அடித்த புராஜக்ட் அலமாரியில் தூங்கும். இது ஒருவருடைய காலைக் காப்பாற்றும்.

சிந்திப்போம்... வரும் மழைக்கு முன் செயல்படுவோம்!