ஜப்பானிய மலர் வகுப்பும் நாம் கூடும் முறையும்

நாம் ஒன்றுகூடும் இடங்களை எண்ணிப் பார்த்தால், அவற்றில் பெரும்பாலானவை உண்பதற்கும் பேசுவதற்கும் உரியவையாகவே இருக்கின்றன. உணவு முடிந்தும் பேச்சு நீள்கிறது; சில வேளைகளில் அது புறம் பேசுவதில் போய் நிற்கிறது. பேச்சு குறைந்து, கைகள் வேலை செய்து, மனம் ஓரிடத்தில் நிலைக்கும் கூட்டங்களும் உலகில் உண்டு. ஜப்பானியரின் மலர் அமைக்கும் வகுப்பு அத்தகையது. அதிலிருந்து நாம் எதை எடுத்துக்கொள்ளலாம், எதை விட்டுவிட வேண்டும் என்பதைச் சிந்திப்போம்.

இகெபானா எனப்படும் இக்கலையின் வகுப்பு எளிமையாகத் தொடங்குகிறது. பருவத்திற்கேற்ற கிளைகளையும் பூக்களையும் ஆசிரியர் முன்கூட்டியே வரவழைத்திருப்பார். பத்துப் பேர் வந்தால் பத்துக் கட்டுகள். ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ ஒரே பொருட்கள். தட்டையான கிண்ணத்தில் கென்சான் எனும் கனமான முள்தட்டை வைத்து நீர் ஊற்றுகிறார்கள். தண்டுகளை நீருக்குள் அமிழ்த்தி வெட்டுகிறார்கள். வெட்டிய இடத்தில் காற்று புகாமல் நீர் ஏற வேண்டும் என்பதே காரணம். சோகெத்சு பள்ளியின் தொடக்கப் பாடத்தில் மூன்று முதன்மைத் தண்டுகள் உண்டு. கிண்ணத்தின் அகலத்தையும் ஆழத்தையும் கூட்டினால் வரும் அளவைப்போல் ஒன்றரை மடங்கு நீளமுடையது முதல் தண்டு. அதில் முக்கால் பங்கு இரண்டாவது. இரண்டாவதில் முக்கால் பங்கு மூன்றாவது. நிமிர்ந்த அமைப்பில் இவை முறையே 15, 45, 75 பாகை சாய்ந்து நிற்கும்.

பொருளும் அளவும் கோணமும் ஒன்றாக இருந்தும், முடிவில் பத்துக் கிண்ணங்களும் பத்து விதமாகவே அமைகின்றன. எந்த இரு கிளைகளையும் இறைவன் ஒரே வளைவில் படைக்கவில்லை; எந்த இரு கைகளும் ஒன்றுபோல் இயங்குவதுமில்லை. ஒரே வீட்டில் ஒரே உணவுண்டு வளரும் பிள்ளைகளை ஒருவரோடு ஒருவர் ஒப்பிட்டுப் பேசும் பெற்றோர், இக்கிண்ணங்களின் முன் சற்று நின்று பார்க்கலாம்.

பின்னர் ஆசிரியர் ஒவ்வொருவரிடமும் வந்து திருத்துகிறார். மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, அரைமணி நேரம் உழைத்து நிறுத்திய கிளையை அவர் பிடுங்கி வெட்டிவிடுவார். பெரும்பாலும் அவர் புதிதாக எதையும் சேர்ப்பதில்லை, மிகையானதை நீக்குகிறார். மலருக்கும் மலருக்கும் இடையிலுள்ள வெற்றிடமும் அமைப்பின் ஒரு பகுதி என்பது இக்கலையின் அடிப்படை. மாணவர் நன்றி கூறித் திருத்தத்தை ஏற்கிறார். பிறர் முன்னிலையில் திருத்தப்படுவதை அவமானமாகக் கருதும் நமக்கு இது கடினமான பாடம். திருத்துபவரின் மென்மையும் இதில் பாடமே. அவர் கிளையைத்தான் திருத்துகிறார், ஆளை இகழ்வதில்லை.

வகுப்பு முடிந்ததும் அமைத்ததை அவரவரே கலைத்து, மலர்களைச் செய்தித்தாளில் சுற்றி வீட்டுக்கு எடுத்துச் செல்கிறார்கள். அங்கே நினைவிலிருந்து மீண்டும் அமைக்கிறார்கள்.

இங்கே நம்மிடம் ஒரு கேள்வி எழுவது இயல்பே. இக்கலையின் வேர் பௌத்தப் பீடங்களுக்கு மலர் வைக்கும் வழக்கத்தில் இருக்கிறது. கியோத்தோ நகரின் ரொக்ககுடோ ஆலயத்தைச் சேர்ந்த இகெனோபோ சென்கெய் என்ற துறவியின் மலர் அமைப்பைப் பற்றி 1462ஆம் ஆண்டுக் குறிப்பு ஒன்று உள்ளது. இகெனோபோ பள்ளியின் தலைவரே இன்றும் அவ்வாலயத்தின் தலைமைக் குருவாக இருக்கிறார். ஆகவே இது பழங்கதை என்று நாம் தள்ளிவிட இயலாது. எனினும் கலை அங்கேயே நின்றுவிடவில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒஹாரா உன்ஷின் தாழ்ந்த கிண்ணத்தில் மேலைநாட்டுப் பூக்களையும் சேர்த்து அமைக்கும் முறையைக் கொண்டுவந்தார். 1927இல் சோகெத்சு பள்ளியைத் தொடங்கிய தெஷிகஹாரா சோஃபு, யாரும் எங்கும் எப்பொருளைக் கொண்டும் அமைக்கலாம் என்ற கருத்தை முன்வைத்தார். இன்று பெரும்பாலான வகுப்புகளில் நிகழ்வது கைத்தொழிற் பயிற்சியே.

மலரை அழகுற வைப்பது வேறு, பீடத்தின் முன் படைப்பது வேறு என்பதே நமது நிலைப்பாடு. நறுமணச் செடியை ஒருவர் தந்தால் அதை மறுக்க வேண்டாம் என்பது நபிவழியாக நாம் அறிந்தது. மலரின் மீதுள்ள விருப்பத்தில் குற்றமில்லை. நிய்யத்தும் செயலும் தூய்மையாக இருக்க வேண்டும். வகுப்பில் சேருமுன் அங்கே சடங்கு ஏதும் உண்டா என்று கேட்டறிவதும், பீடத்திற்கு மலர் படைக்கும் நிகழ்வுகளிலிருந்து பணிவோடு விலகிக்கொள்வதும், ஐயம் உள்ளவர்கள் ஆலிம்களிடம் தெளிவு பெறுவதும் நம் கடமை.

விட்டுவிட வேண்டியவை வேறு இரண்டும் உள்ளன. முதலாவது, படிப்படியான சான்றிதழ்களும் அவற்றுக்கான கட்டணங்களும். பட்டம் சேர்ப்பதே நோக்கமாகிவிட்டால் கற்பது பின்தள்ளப்படும். இரண்டாவது, இது பெண்களுக்கு மட்டுமான வேலை என்ற எண்ணம். தொடக்கத்தில் துறவிகளும் போர்வீரர்களுமான ஆண்களே இதில் முன்னின்றனர். மெய்ஜி காலத்தில் பெண்கல்வியின் ஒரு பகுதியாகிய பின்னரே, மணப்பெண்ணுக்குரிய பயிற்சியாக இது கருதப்பட்டது. கற்பவர்களில் பெண்கள் பெருகிய பின்னும் இகெனோபோவின் தலைமை 45 தலைமுறைகளாக ஆண்களிடமே இருந்துவருகிறது. அடுத்த தலைவராக ஒரு பெண் அறிவிக்கப்பட்டது அண்மைக் காலத்தில்தான். அழகும் பொறுமையும் மகளுக்கு மட்டும் வேண்டியவை, மகனுக்கு வேண்டாதவை என்று நினைக்கும் பெற்றோர் நம்மிடையேயும் உள்ளனர்.

எடுத்துக்கொள்ள வேண்டியதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. மொட்டும், வளைந்த கிளையும், பழுத்த இலையும்கூட இக்கலையில் மதிப்புடையவை. ஐந்தாறு தண்டுகள் போதும். வீண்விரயத்தை வெறுக்கும் நமக்கு இது உகந்ததே. மாதம் ஒருமுறை வீட்டார் அனைவரும் கைப்பேசிகளை ஒதுக்கி வைத்துவிட்டு, ஒரேவிதக் கிளைகளோடு அரைமணி நேரம் அமர்ந்து பார்க்கலாம். மூத்தவர் திருத்தட்டும், இளையவர் மூத்தவரின் கிண்ணத்தைப் பற்றியும் கருத்துக் கூறட்டும். பிறகு அனைவரும் சேர்ந்து இடத்தைத் துப்புரவு செய்யட்டும். அடுத்தவர் குறையைப் பேசாமல் ஒன்றாக அமர்ந்திருக்க நம்மால் இயலுமா என்பதை அந்த அரைமணி நேரம் நமக்கே காட்டிவிடும், இன்ஷா அல்லாஹ்.