வண்டி வாசல்: காலுக்கேற்ற கார்... பால் பணத்துக்கேற்ற கடன்!

''ஐயா, எங்களுக்கு ஒன்றேகால் ஏக்கர் மஞ்சள், ஒரு ஏக்கர் நெல், மூன்று கறவை மாடுகள். நான்கு வருடங்களுக்கு முன்பு பவர் டில்லரில் சிக்கியதில், என் வீட்டுக்காரருக்கு இடது காலை முட்டிக்குக் கீழே எடுக்க வேண்டியதாகிவிட்டது. செயற்கைக் கால் போட்டு நடக்கிறார். விபத்துக்கு முன்பே கார் லைசென்ஸ் எடுத்தவர். இப்போது மண்டிக்கோ, ஆஸ்பத்திரிக்கோ போகவேண்டும் என்றால் வாடகைக் காருக்குக் காத்திருக்கிறோம். மாதம் 3,000 ரூபாய் அதற்கே போகிறது. 'சொந்தமா ஒரு கார் இருந்தா நானே ஓட்டிக்குவேன்' என்கிறார்.

ஷோரூமுக்குப் போனோம். அங்கிருந்தவர் என் வீட்டுக்காரர் முகத்தைக்கூடப் பார்க்காமல், கூட வந்த என் தம்பியிடமே பேசினார். 'வண்டியையும் லோனையும் தம்பி பேர்லயே போட்டுடலாம். அஞ்சு லட்சம் லோன், ஏழு வருஷம், 9 சதவிகிதம்' என்றார். மாமனாரோ, 'இந்தக் காலோட கார் எதுக்கு? நகையை வெச்சு வாங்கி நடுத்தெருவுல நிக்கவா?' என்கிறார். கையில் ஒன்றரை லட்சம் இருக்கிறது. தீவனச் செலவு போக மாதம் 9,000 ரூபாய் பால் பணம் நிற்கும். அவரால் ஓட்ட முடியுமா? எந்த மாதிரி வண்டி வாங்கலாம்? கடன் வாங்கலாமா?''

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, அரூர்.

சகோதரி, உங்கள் மாமனார் சொன்னதில் பாதி சரி. நகை விஷயத்தில் சரி. கால் விஷயத்தில் சரியில்லை. ஷோரூம்காரர் சொன்னதில் பாதிகூட சரியில்லை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஓட்ட முடியுமா?

கியர் காரில் இடது காலுக்கு ஒரே ஒரு வேலைதான். அது கிளட்ச். பிரேக், ஆக்சிலேட்டர் இரண்டும் வலது காலின் வேலை. கிளட்ச் மிதி இல்லாத ஆட்டோமேட்டிக் வண்டியில் இடது காலுக்கு வேலையே இல்லை. ஆக, வலது கால் நல்ல பலத்தோடு இருந்தால் உங்கள் வீட்டுக்காரருக்குத் தனியாக எந்தக் கருவியும் தேவைப்படாது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். செயற்கைப் பாதத்துக்கு உணர்ச்சி கிடையாது. அது நகர்ந்து பிரேக் மிதிக்கு அடியில் போய்விடாதபடி, இடது ஓரமாக வைத்துப் பழக வேண்டும். கால் மிதியடி நழுவாமல் இருக்க வேண்டும்.

வலது கால் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆக்சிலேட்டரை இடது பக்கம் மாற்றித் தரலாம். இரண்டு கால்களும் பாதிக்கப்பட்டவர்களுக்கு, கையாலேயே பிரேக்கும் ஆக்சிலேட்டரும் இயக்கும் கருவி இருக்கிறது. புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற பரிசோதனை மையத்தின் சான்று பெற்ற கருவியாகப் பார்த்துப் பொருத்துங்கள். பட்டறையில் கம்பியை வளைத்துச் செய்வதை நம்ப வேண்டாம்.

எந்த வண்டி?

ஆட்டோமேட்டிக்கில் விலை குறைவானது ஏ.எம்.டி. வகை. ஆல்டோ கே10, செலேரியோ, வேகன் ஆர், டியாகோ போன்ற சிறிய கார்களில் இது கிடைக்கிறது. பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அவரை உட்கார வைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

* இருக்கையின் உயரம் அவர் இடுப்புக்கு நேராக இருக்க வேண்டும். தாழ்வான காரில் இறங்கும்போது ஒற்றைக் காலில் எழ வேண்டியிருக்கும்.
* கதவு அகலமாகத் திறந்து, செயற்கைக் கால் இடிக்காமல் உள்ளே போக வேண்டும்.
* ஒரு மேட்டில் நிறுத்தி, மறுபடி எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சில ஏ.எம்.டி. வண்டிகள் மேட்டில் சற்றுப் பின்னால் உருளும். உருளாமல் பிடிக்கும் 'ஹில் ஹோல்டு' வசதி இருக்கிறதா என்று கேளுங்கள்.
* ஊன்றுகோலோ, சக்கர நாற்காலியோ உண்டு என்றால் அதையும் கொண்டுபோய் டிக்கியில் வைத்துப் பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் எரிபொருள் மிச்சம் என்று சி.என்.ஜி. கார் வாங்கினார். சிலிண்டர் டிக்கியை அடைத்துக்கொண்டது. நாற்காலியை வண்டியின் கூரையில் கட்டிக்கொண்டு போகிறார்.

வண்டி யார் பெயரில்?

உங்கள் வீட்டுக்காரர் பெயரில். இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். தம்பி பெயரில் பதிவானால் மாற்றுத்திறனாளிக்கான சலுகைகள் எதையும் கேட்க முடியாது. வருமானச் சான்று போதவில்லை என்றால் தம்பியை இணைக் கடன்தாரராகச் சேர்க்கலாம். உரிமையாளர் உங்கள் வீட்டுக்காரராகவே இருக்கட்டும்.

தமிழ்நாட்டில் 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை விலையுள்ள புதிய காருக்குச் சாலை வரி 13 சதவிகிதம். ஐந்தரை லட்சம் ரூபாய் காருக்கு 71,500 ரூபாய் வரும். மாற்றுத்திறனாளியின் சொந்தப் பயன்பாட்டுக்கு ஏற்ற வண்டிக்கு இந்த வரியில் விலக்கு உண்டு. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, மருத்துவச் சான்றுடன் பதிவுக்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பதிவு விண்ணப்பமான படிவம் 20-ல், உரிமையாளர் மாற்றுத்திறனாளி என்று குறிக்கத் தனி இடம் 2020 முதல் இருக்கிறது. ஷோரூம்காரர் அதை நிரப்பினாரா என்று நீங்களே பாருங்கள்.

ஆர்.சி.யில் 'அடாப்டட் வெஹிக்கிள்', அதாவது மாற்றியமைத்த வண்டி என்று பதிவானால், தேசிய நெடுஞ்சாலை டோல்கேட்டில் கட்டண விலக்குக்கான பாஸ்டேக் கேட்கலாம். கருவி எதுவும் பொருத்தாத ஆட்டோமேட்டிக் வண்டியை எந்த வகையில் பதிவு செய்வார்கள் என்பதை, முன்பணம் கட்டுவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

'ஜி.எஸ்.டி. சலுகைச் சான்றிதழ் வாங்கித் தர்றேன்' என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். முன்பு சிறிய கார்களுக்கு 28 சதவிகித வரி இருந்தபோது, சான்றிதழ் வைத்திருந்தால் 18 சதவிகிதம் கட்டினால் போதும். 2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டர் நீளத்துக்குள், 1,200 சி.சி.க்குள் உள்ள பெட்ரோல் கார்களுக்கு எல்லோருக்குமே 18 சதவிகிதம்தான்.

பழைய லைசென்ஸ் போதாது

விபத்துக்கு முன் எடுத்த லைசென்ஸை வைத்து அப்படியே ஓட்ட வேண்டாம். படிவம் 1-ஏ மருத்துவச் சான்றுடன் ஆர்.டி.ஓ. அலுவலகம் போய், அவர் நிலைக்கேற்ற வண்டி ஓட்ட அனுமதி பெற்றுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால், ஒரு விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ் நிறுவனம் கைவிரிக்க நாமே வழிசெய்து கொடுத்தது போலாகும். கருவி பொருத்துகிறவர்கள் அதை இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் எழுத்தில் சொல்லுங்கள். பிரீமியத்தில் தள்ளுபடி உண்டா என்றும் கேளுங்கள்.

கடன் எவ்வளவு?

ஷோரூம்காரர் சொன்ன ஐந்து லட்சம், ஏழு வருடம், 9 சதவிகிதக் கணக்கில் மாதத் தவணை ஏறக்குறைய 8,045 ரூபாய். உங்கள் பால் பணம் 9,000. மீதி 955 ரூபாய். ஒரு மாடு வற்றினால் அதுவும் இல்லை. ஏழு வருடத்தில் வட்டி மட்டும் 1,75,000 ரூபாயைத் தாண்டும்.

இதையே இப்படிப் பாருங்கள். ஐந்தரை லட்சம் ரூபாய் வண்டி. இன்சூரன்ஸ், பதிவுச் செலவு 40,000 என்று வைப்போம். சாலை வரி விலக்கு கிடைத்தால் மொத்தம் 5,90,000. கையில் ஒன்றரை லட்சம். மஞ்சள் விற்று இன்னும் 1,40,000 சேர்த்தால், கடன் மூன்று லட்சம் போதும். அதே 9 சதவிகிதத்தில் ஐந்து வருடத்துக்குத் தவணை 6,228 ரூபாய். மொத்த வட்டி 74,000-க்குள். பெட்ரோல் செலவை, இப்போது வாடகைக் காருக்குப் போகும் 3,000 ரூபாயில் பார்த்துக்கொள்ளலாம். மாடு வற்றும் மாதங்களுக்காக மூன்று தவணைப் பணத்தைத் தனியாக எடுத்து வையுங்கள். அதற்கும் பணம் மிஞ்சாத விலைக்கு மஞ்சள் போனால், ஒரு வருடம் தள்ளிப்போடுங்கள்.

வங்கியில் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. 'இந்த 9 சதவிகிதம் நிலுவைக்கு மட்டும் வட்டியா, முழுத் தொகைக்கும் கடைசி வரை வட்டியா?' இரண்டாவது வகைக்கு 'பிளாட் ரேட்' என்று பெயர். அதில் இதே மூன்று லட்சத்துக்கு வட்டி 1,35,000, தவணை 7,250. காகிதத்தில் 9 என்று இருந்தாலும், உண்மையில் அது பதினைந்தரை சதவிகிதத்துக்கும் மேல்.

சிட்டா, அடங்கல், பால் சொசைட்டி கணக்குப் புத்தகம், மஞ்சள் விற்ற சீட்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு முதலில் உங்கள் கணக்கு இருக்கும் வங்கிக்குப் போங்கள். அறுவடையை ஒட்டி அரையாண்டுத் தவணை தருவார்களா என்றும் கேளுங்கள். பயிருக்காக வாங்கும் நகைக்கடனைக் காருக்குத் திருப்பாதீர்கள். அடுத்த போகத்துக்கு விதைக்கும் உரத்துக்கும் கை நீட்டுகிற நிலை வந்துவிடும்.

மஞ்சள் விற்கும் வரை சும்மா இருக்கவும் வேண்டாம். லைசென்ஸ், அடையாள அட்டை, வரி விலக்கு விவரம் எல்லாம் அதற்குள் முடியட்டும். அடுத்த முறை ஷோரூம் போகும்போது தம்பி வெளியே டீ குடிக்கட்டும். உங்கள் வீட்டுக்காரர் நேராகப் போய் ஓட்டுநர் இருக்கையில் உட்காரட்டும். அப்போது எவராக இருந்தாலும் அவரிடம்தான் பேசியாக வேண்டும்.

''எனக்கு இரண்டு கால்களிலும் போலியோ. காய்கறி வியாபாரம் செய்கிறேன். கார் வாங்க வசதியில்லை. வேறு வழி உண்டா?''

- ஒரு வாசகர், ஒட்டன்சத்திரம்.

முதலில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போங்கள். இணைப்புச் சக்கரங்கள் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டரைத் தகுதியுடையவர்களுக்கு அரசே விலையில்லாமல் தருகிறது. சந்தைக்கு நாலைந்து கூடை கொண்டுபோக அது போதும். வியாபாரத்தைப் பெருக்கப் பணம் வேண்டும் என்றால், தேசிய மாற்றுத்திறனாளிகள் நிதி மற்றும் மேம்பாட்டுக் கழகத்தின் சுயதொழில் கடன் கூட்டுறவு வங்கிகள் வழியாகக் கிடைக்கிறது. அதன் விவரமும் அதே அலுவலகத்தில் தெரிந்துவிடும். வியாபாரம் வளரட்டும், கார் பிறகு தானாக வரும்.