அரவானுக்கும் இடம் உண்டு

ஐப்பசியில் சிங்கப்பூரின் சிராங்கூன் சாலை ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து பக்தர்கள் இரவெல்லாம் நடந்துபோய், சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலில் தீ மிதிக்கிறார்கள். திரௌபதைக்கான நேர்த்தி அது. போர் முடிந்து அவள் தீயில் இறங்கிய கதை வியாசரிடம் இல்லை. நம் கூத்துக்காரர்களும் பாரதப் பிரசங்கிகளும் சொல்லி வந்தது. அதே கோயிலில் வண்ணம் தீட்டிய மரத்தலையாக அர்ச்சுனன் மகன் அரவான் இருக்கிறான், மீசையும் உருட்டி விழித்த கண்களுமாக. வடமொழிப் பாரதத்தில் அவன் எட்டாம் நாள் போரில் அலம்புசன் என்ற அரக்கன் கையால் மடிகிறான், அவ்வளவுதான். போரில் வெற்றி வேண்டிக் களப்பலியானவன் தமிழ் அரவான்; 9ஆம் நூற்றாண்டிலேயே பெருந்தேவனாரின் பாரத வெண்பாவுக்குள் வந்துவிட்டான்.

“மூலத்தில் இல்லை, ஆகவே கட்டுக்கதை” என்று படித்தவர்கள் ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. எது மூலம்? நைமிசாரணியத்தில் உக்கிரசிரவஸ் என்ற சூதர் முனிவர்களுக்கு வாய்மொழியாகச் சொன்னதாகத்தானே வியாச பாரதமே தொடங்குகிறது? புனே பண்டார்கர் நிறுவனம் 1919 முதல் 1966 வரை சுவடிகளை ஒப்பிட்டுச் செம்பதிப்பு கொண்டுவந்தபோது, வட்டாரத்துக்கு வட்டாரம் பாடம் மாறியிருந்தது. சொல்லிச் சொல்லி வளர்ந்த நூல் அது. இங்குள்ள பிள்ளைகளுக்கு வியாசரோடு அரவானையும் சேர்த்தே சொல்லிக்கொடுக்க வேண்டும். பூக்குழி ஓரத்தில் நின்று “ஏன் மிதிக்கிறார்கள்?” என்று கேட்கும் பிள்ளைக்கு வியாசரிடம் பதில் கிடைக்காது.