எட்டுப் போட்டால் போதுமா?

இருசக்கர வாகன ஓட்டுநர் உரிமம் பெற விரும்பும் ஒருவர் இரண்டு தேர்வுகளைக் கடக்க வேண்டும். பழகுநர் உரிமத்துக்கான அறிவுத் தேர்வு ஒன்று. வண்டியை ஓட்டிக் காட்டும் செய்முறைத் தேர்வு மற்றொன்று. முதலாவதற்கு வினாவிடைத் தொகுப்பை மனப்பாடம் செய்தால் போதும், இரண்டாவதற்கு ‘எட்டு’ப் போடப் பழகினால் போதும் என்பதே பரவலான எண்ணம். இரண்டிலும் உள்ள குறை ஒன்றே: வடிவம் கற்கப்படுகிறது, பயன்பாடு கற்கப்படுவதில்லை. மொழி கற்பிப்போருக்கு இது பழகிய குறை. வேற்றுமை உருபுகளை வரிசையாக ஒப்பிக்கும் மாணவர் அம்மொழியில் ஒரு தேநீர் வாங்கத் தடுமாறுவார். வகுப்பறையில் அந்தத் தடுமாற்றத்துக்கு மதிப்பெண் குறையும். சாலையில் உயிர் போகும்.

இச்சிக்கலைத் தெளிவாகக் காட்டும் ஊர் ரேணிகுண்டா. 1911-இல் சென்னை மாகாணத்தில் உருவான சித்தூர் மாவட்டம் 1953-இல் ஆந்திர மாநிலத்தில் சேர்ந்தது. 1960-இல் திருத்தணிப் பகுதி மட்டும் சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. 2022-இல் ரேணிகுண்டா புதிய திருப்பதி மாவட்டத்துக்குள் வந்தது. எல்லைக்கோடுகள் இடம் மாறின. மக்கள் இருந்த இடத்திலேயே இருந்தனர். வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் தெலுங்கு எழுத்தைக் கற்று, கடைத்தெருவில் இரண்டையும் கலந்து வழங்கும் குடும்பங்கள் இவ்வட்டாரத்தில் இன்றும் உள்ளன. ஊரின் சாலைகளோ புதியவருக்கு எளியவை அல்ல. சென்னையிலிருந்து திருத்தணி, புத்தூர் வழியாக வரும் 716-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையும், திருப்பதியைக் காளஹஸ்தியோடு இணைக்கும் 71-ஆம் எண் நெடுஞ்சாலையும் இங்குச் சந்திக்கின்றன. ரயில் சந்திப்பும் விமான நிலையமும் இருக்கும் ஊரில் சரக்கு லாரிகளும் திருமலை செல்லும் வேன்களும் ஓய்வதில்லை. உரிமம் பெற்ற மறுநாளே புதிய ஓட்டுநர் இவற்றினிடையே வண்டியைச் செலுத்தியாக வேண்டும்.

அறிவுத் தேர்வை முதலில் எடுத்துக்கொள்வோம். மத்திய மோட்டார் வாகன விதிகள் (1989) சாலைக் குறிகள், சாலை விதிமுறைகள், விபத்து நேர்ந்தால் ஓட்டுநரின் கடமைகள் முதலியவற்றைப் பாடப்பொருளாக வைத்து, 60 விழுக்காடு வினாக்களுக்குச் சரியான விடை தருவதைப் ‘போதிய அறிவு’ என வரையறுத்தன. அந்த அறிவு எந்த மொழிவடிவில் சோதிக்கப்படுகிறது என்பதே இங்கு எழும் கேள்வி. ரேணிகுண்டாவின் தமிழ் இளைஞர் தாம் பள்ளியில் பழகிய எழுத்திலேயே வினாக்களைப் படிக்கிறார். தமிழ் வினாத்தாள் கிடைத்தாலும் அதைப் படிக்கும் பழக்கம் அவருக்கு இருக்க வேண்டும் என்பதில்லை. அதனால் இதனைத் தமிழ், தெலுங்குப் பூசலாகக் காண்பது பிழை. சார்லஸ் ஃபெர்குசன் 1959-இல் விளக்கிய இரட்டை வழக்கு இரு மொழிகளையும் சார்ந்த சிக்கல். ராயலசீமையின் பேச்சுத் தெலுங்குக்கும் அலுவலகத் தெலுங்குக்கும் உள்ள தொலைவு சிறிதன்று. ‘பாதசாரி’ என்ற சொல் இரு மொழிகளிலும் உண்டு; வண்டி ஓட்டும்போது இரு மொழியினரும் அச்சொல்லால் சிந்திப்பதில்லை. கிளட்ச், கியர், பிரேக், இண்டிகேட்டர் ஆகியவையோ இருவருக்கும் பொதுவான அன்றாடச் சொற்கள். எழுத்து வழக்கில் அமைந்த வினா, ஓட்டுநரின் சாலை அறிவை அளக்குமுன் அவருடைய பள்ளிப் படிப்பை அளந்துவிடுகிறது. அந்த இடைவெளியை நிரப்பவே மனப்பாடம் வருகிறது.

சாலைக் குறிகள் மனப்பாடத்துக்கு உரியவை அல்ல. அவற்றுக்கு ஓர் இலக்கணம் உண்டு. சிவப்பு விளிம்புள்ள வட்டம் தடுக்கிறது. நீல வட்டம் கட்டாயப்படுத்துகிறது. சிவப்பு விளிம்புள்ள முக்கோணம் எச்சரிக்கிறது. செவ்வகம் தகவல் தருகிறது. விலக்குகள் சிலவே. ‘நில்’ என்னும் குறி எண்கோணம். ‘வழிவிடு’ என்பது தலைகீழ் முக்கோணம். ‘வா’, ‘தா’ போல மிகுதியாக வழங்கும் வினைகள் ஒழுங்கற்ற வடிவம் பெற்றிருந்தும் எளிதில் நினைவில் நிற்கின்றன. இன்றியமையாத இவ்விரு குறிகளும் அப்படியே. எண்கோணத்தைப் பின்புறமிருந்து பார்த்தாலும் அது எக்குறி என்று தெரிந்துவிடும். இந்த இலக்கணத்தை உணர்ந்தவர், இதுவரை காணாத ஒரு குறியையும் ஊகித்தறிவார். நகரி தாண்டித் தமிழ்நாட்டுக்குள் நுழைந்ததும் பலகை எழுத்துகள் மாறுகின்றன. வட்டமும் முக்கோணமும் மாறுவதில்லை.

பிற நாடுகளின் பட்டறிவும் இங்குப் பயன்படும். பிரிட்டனில் ஓட்டுநர் அறிவுத் தேர்வைத் தமிழ் உட்பட 19 அயல்மொழிகளில் குரல்வழி கேட்டு எழுதும் வசதி இருந்தது. முறைகேடு, சாலைப் பாதுகாப்பு, செலவு ஆகியவற்றைக் காரணம் காட்டி 2014 ஏப்ரல் 7 முதல் அது நிறுத்தப்பட்டது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணமோ அறிவுத் தேர்வைத் தமிழிலும் எழுத இடமளிக்கிறது. இவ்வேறுபாட்டைப் பேசுவோர் ஒன்றைக் கவனிப்பதில்லை: அயல்மொழிகளை நீக்கிய பிரிட்டனும் ஆங்கிலத்திலும் வெல்ஷ் மொழியிலும் குரல்வழி வசதியைத் தொடர்ந்தது. வாசிப்பில் தடுமாறுபவர் சாலையை அறியாதவர் ஆகமாட்டார் என்ற தெளிவு அதில் உண்டு. ரேணிகுண்டாவின் புலம்பெயராத தமிழருக்கும், எழுத்துப் பழக்கம் குறைந்த தெலுங்கருக்கும் ஒருசேரத் தேவைப்படுவது, பேச்சு நடையில் அமைந்த குரல்வழி வினாவே.

இனிச் செய்முறைத் தேர்வு. பழகுநர் உரிமம் பெற்று 30 நாள்கள் கழிந்த பின்னரே இத்தேர்வுக்குச் செல்ல முடியும். எட்டுப் போடுவது வீண் வேலை அன்று. குறைந்த வேகத்தில் சமநிலை காத்தல், கிளட்சைப் பாதி பிடித்து வண்டியை அடக்குதல், முன்சக்கரத்தைப் பாராமல் செல்லும் திசையை நோக்குதல் ஆகிய மூன்றையும் அது சோதிக்கிறது. ஆனால் விதி 15 தரும் திறன் பட்டியல் இதைவிட மிக நீண்டது. முந்துதல், முந்த இடங்கொடுத்தல், உரிய நேரத்தில் சைகை காட்டுதல், அவசரமாக நிறுத்துதல், சந்திப்புகளில் எச்சரிக்கை, பாதசாரிகளும் மிதிவண்டி ஓட்டுவோரும் பிற ஓட்டுநரும் அடுத்து என்ன செய்வர் என்பதை முன்னுணர்தல், பிறரை மதித்து ஓட்டுதல் என அது விரிகிறது. அத்தனைக்கும் ஒற்றை எட்டு பதிலியாக நிற்கும் இடங்களில் சட்டம் கேட்பது சோதிக்கப்படவில்லை என்றே பொருள்.

சட்டத்தின் ஆங்கில மூலம் இதனைக் ‘காம்பிடன்ஸ்’ தேர்வு என்கிறது. அதே சொல்லை மொழியறிவைக் குறிக்க நோம் சோம்ஸ்கி பயன்படுத்தினார். இலக்கணம் அறிந்திருப்பது மட்டும் போதாது, யாரிடம், எப்போது, எவ்வாறு பேசுவது என்பதும் அத்திறனின் பகுதியே என்று டெல் ஹைம்ஸ் அதனை விரித்தார். எட்டு இலக்கணம், நெடுஞ்சாலை உரையாடல். எதிரே வரும் லாரி விளக்கை மினுக்குவதன் பொருள் எந்த வினாத்தொகுப்பிலும் முழுமையாக அடங்காது. சூழலைக் கொண்டே அதை அறிய வேண்டும்.

ஆய்வாளர்களின் பணிச்சுமையைக் காட்டி இதனை மறுப்பவர் உண்டு. ஒவ்வொருவரையும் சாலைக்கு அழைத்துச் சென்று சோதிப்பது கடினம் என்பது உண்மை. ஆயினும் முன்னுணரும் திறனைக் கணினித் திரையிலேயே சோதிக்க முடியும். பிரிட்டன் 2002 முதல் காணொளிகளைக் காட்டி, இடர் உருவாகும் கணத்தைத் தேர்வர் கண்டுகொள்கிறாரா என்று அளந்து வருகிறது. அத்தகைய தேர்வில் படிக்கவேண்டிய சொற்கள் மிகக் குறைவு. ஆதலால் இருமொழி ஊருக்கு அது இரட்டிப்பாகப் பொருந்தும்.

மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022-இல் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தனர். அவர்களில் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். தேர்வு மாறும்வரை தேர்வர் காத்திருக்க வேண்டியதில்லை. விதி 15-இன் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த 30 நாள்களில் ஒவ்வொரு திறனையும், உரிமம் பெற்ற ஒருவரின் துணையோடு, முதலில் வெற்றுத்தடத்திலும் பின்னர் ஊர்ச்சாலையிலும் பழகலாம். எட்டு அப்பட்டியலுக்குள் தானே அடங்கிவிடும். எட்டுக்குள் அப்பட்டியல் அடங்காது.