பியானோவுக்கும் மழைக்காலம் உண்டு

டிசம்பர் மழை ஓயாமல் பெய்த வாரம். “அப்பா, நடுவுல இருக்கிற கட்டையெல்லாம் மேல வரமாட்டேங்குது” என்றாள் மகள். தேர்வுக்கு மூன்று வாரம்தான் இருந்தது. பயிற்சி செய்யச் சோம்பல்பட்டுச் சாக்கு சொல்கிறாள் என்று கடிந்துகொண்டேன். இரண்டு நாள் கழித்து நானே அழுத்திப் பார்த்தேன். கீழே போன கட்டை அங்கேயே நின்றுவிட்டது.

பக்கத்து வீட்டார் வீடு மாறியபோது வாங்கிய பழைய பியானோ. ‘போட்ட காசு போச்சு’ என்று நினைத்துக்கொண்டே, சுருதி சேர்க்க வரும் சீன அங்கிளை அழைத்தேன்.

அவர் முதலில் எடுத்தது ஒரு பெயர் அட்டை. கட்டைகளின் முனைக்கும், அவற்றுக்கு முன்னால் நீளமாக ஓடும் மரப்பட்டிக்கும் நடுவே அதைச் செருகிப் பார்த்தார். இரண்டு ஓரங்களிலும் தாராளமாக இறங்கியது, நடுவில் இறங்கவில்லை. “ஈரத்தில் பட்டி உள்பக்கம் வளைந்து கட்டைகளை உரசுகிறது” என்றார். பட்டியைக் கழற்றி, அதன் பின்னால் சிறு அட்டைத் துண்டுகளை வைத்து மீண்டும் திருகினார். கட்டைகள் எழுந்தன, இரண்டைத் தவிர.

முன்பலகையைத் திறந்து, அந்த இரண்டின் சுத்தியல்களையும் விரலால் தள்ளினார். அவை தடையின்றித் திரும்பி விழுந்தன. அப்படியானால் கோளாறு கட்டையில்தான். பக்கவாட்டில் அசைத்தால் துளிகூட ஆடவில்லை. உள்ளே ஊசியைச் சுற்றியிருக்கும் கம்பளித் துணி ஈரத்தில் உப்பிவிட்டதாம். சிறு இடுக்கியால் மெல்ல அழுத்திவிட்டார். வேலை முடிந்தது.

மரம் ஈரத்தை உறிஞ்சினால் நீளத்தில் அதிகம் கூடாது; குறுக்கே உப்பும். பியானோவின் ஒலிப்பலகையும் அப்படியே. அது உப்பித் தந்திகளை இறுக்குவதால் சுருதி ஏறிவிடுகிறது. பியானோவுக்கு 40 முதல் 60 விழுக்காடு ஈரப்பதம் நல்லது. சிங்கப்பூரின் சராசரியோ 80 விழுக்காட்டுக்கு மேல். விடியற்காலையில் 90ஐத் தாண்டும். மழையில்லாத பிற்பகலில் 60 அளவுக்கு இறங்கும். நாங்களோ பியானோவை ஜன்னலோரம் வைத்து, பகலில் ஜன்னலைத் திறந்து, இரவில் ஏர்கான் போட்டுக்கொண்டிருந்தோம். இந்த ஏற்ற இறக்கம்தான் மரத்தை அதிகம் வாட்டுகிறது.

இப்போது பியானோ உள்சுவர் ஓரம் இருக்கிறது. மேலே ஈரப்பதமானி. அடிப்பகுதியில், மெல்லச் சூடாகி ஈரத்தைக் குறைக்கும் மின்தண்டு ஒன்றை அங்கிள் பொருத்தினார். பூச்சாடியை எடுத்துவிட்டோம். கட்டை ஒட்டினால் எண்ணெய் மட்டும் விடாதீர்கள்; கம்பளி அதை உறிஞ்சிப் பிசுபிசுத்துப் போகும்.

அங்கிள் கிளம்பியதும் மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்லப்பா. அடுத்த தடவை திட்டுறதுக்கு முன்னாடி அட்டையைச் செருகிப் பாருங்க” என்றாள்.