சர்வதேச நோய்க்கண்காணிப்பு: யாருக்காக?

கொள்ளைநோய் எங்கு தோன்றினும் அதனை விரைந்து கண்டறிதல் வேண்டும், கண்டறிந்ததை உடனே உலகுக்கு அறிவித்தல் வேண்டும், அறிவிப்புக் கிடைத்ததும் யாவரும் ஒரு தலைமையின்கீழ் ஒன்றுபட்டுச் செயற்படல் வேண்டும் என்பது இன்று மருத்துவத் துறையினராலும் அரசறிவியலாளராலும் ஒருமுகமாக எடுத்துரைக்கப்படும் கருத்தாகும். இதனை மறுப்பார் எவருமிலர். ஆயின் இக்கருத்தை முன்வைப்போர் பெரும்பாலும் இதனைக் கருவிகள் பற்றிய பிரச்சினையாகவே காண்கின்றனர். ஏழை நாடுகளில் ஆய்வுகூடங்கள் போதா, மரபணு வரிசை காணும் பொறிகள் போதா, பயிற்சி பெற்றோர் போதார். இவற்றை வழங்கிவிட்டால் அடுத்த கொள்ளைநோயை முளையிலேயே கிள்ளிவிடலாம் என்பது அவர்தம் துணிபு. இத்துணிபு தவறானது. இன்றுள்ள தலையாய குறை கருவியின்மையன்று. நோயைக் கண்டறிந்து சொல்பவர் தண்டிக்கப்படுவதும், அவர் சொன்னதன் பயனைப் பிறர் நுகர்வதுமே அக்குறை.

கருவியின்மையே குறையென்போர் தென்னாபிரிக்காவின் அனுபவத்தை எண்ணிப்பார்த்தல் நன்று. எய்ட்சு, காசநோய் ஆகியவற்றுடன் பல்லாண்டுகள் போராடியதன் பேறாக அந்நாட்டில் உயர்தரமான மரபணு ஆய்வுகூடங்களும் அவற்றை இயக்கவல்ல அறிஞரும் ஏலவே இருந்தனர். 2021 நவம்பரில் கொவிட் வைரசின் புதிய திரிபொன்றை அவர்கள் இனங்கண்டனர். அதனை மறைக்கவில்லை; காலந்தாழ்த்தவுமில்லை. 24ஆம் திகதி உலக சுகாதார தாபனத்துக்கு அறிவித்தனர். 26ஆம் திகதி அத்தாபனம் அதற்கு ஒமிக்ரோன் எனப் பெயரிட்டது. அந்த இரண்டொரு நாளுக்குள் பிரித்தானியாவும் ஐரோப்பிய ஒன்றியமும் ஐக்கிய அமெரிக்காவும் தென்னாபிரிக்காவுக்கு மட்டுமன்றி அதன் அயல்நாடுகள் பலவற்றுக்கும் கதவடைக்கத் தொடங்கின. அவ்வயல்நாடுகளுட் சிலவற்றில் அத்திரிபு அப்போது கண்டறியப்பட்டிருக்கவே இல்லை.

சில நாட்களின் பின் நெதர்லாந்து ஓர் உண்மையை வெளியிட்டது. நவம்பர் 19ஆம், 23ஆம் திகதிகளில் அங்கு எடுக்கப்பட்ட மாதிரிகளில் அதே திரிபு காணப்பட்டது. அதாவது, தென்னாபிரிக்கா அறிவிக்கும் முன்னரே அது ஐரோப்பாவினுள் இருந்தது. தென்னாபிரிக்காவுக்குக் கதவடைத்த இலண்டனும் வாசிங்டனும் நெதர்லாந்துக்குக் கதவடைக்கவில்லை. விமானங்கள் நின்றதால் ஆய்வுகூடங்களுக்கு வேண்டிய இரசாயனப் பொருட்கள் தட்டுப்படும் நிலை தோன்றியுள்ளதெனத் தென்னாபிரிக்க அறிஞர் முறையிட்டனர். நோயைக் கண்ட கண்ணையே கட்டிவிடும் இச்செயலுக்கு ஒத்துழைப்பு என்று பெயரிடுவது அச்சொல்லை இழிவுபடுத்துவதாகும். அதே ஆண்டில், தென்னாபிரிக்க மண்ணில் புட்டிகளில் அடைக்கப்பட்ட யோன்சன் அன்ட் யோன்சன் தடுப்பூசிகள் ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்யப்பட்டன என்பதும், அத்தடுப்பூசியின் பரிசோதனைக்குத் தம் உடலைக் கொடுத்தோரில் தென்னாபிரிக்கரும் இருந்தனர் என்பதும் ஈண்டு மனங்கொள்ளத்தக்கன.

இது தற்செயலாக நேர்ந்த ஒரு பிழையெனக் கொள்வார் வரலாற்றை அறியாதவராவர். சர்வதேச நோய்க்கண்காணிப்பு என்பதன் பிறப்பிலேயே இக்கோணல் உண்டு. 1851இல் பாரிசு நகரில் 12 அரசுகள் கூடி நடத்திய முதலாவது சர்வதேச சுகாதார மாநாட்டின் நோக்கம் கீழைத் தேயங்களில் வாந்திபேதியை ஒழிப்பதன்று. வாந்திபேதி, கொள்ளைநோய், மஞ்சட்காய்ச்சல் ஆகியன ஐரோப்பியத் துறைமுகங்களை அடையாது தடுப்பதும், அவ்வாறு தடுக்கையில் வர்த்தகத்துக்கு இயன்றவரை இடையூறு நேராது காப்பதுமே அதன் நோக்கமாகும். மாநாட்டின் பின் மாநாடாக நாற்பதாண்டுகள் கழிந்தபின், 1892இல் வெனிசு நகரில் முதலாவது உடன்படிக்கை கைகூடிற்று. அது எதைப் பற்றியது? சுயெசுக் கால்வாய் வழியே மேற்கு நோக்கிச் செல்லும் கப்பல்களைப் பற்றியது. கிழக்கு நோக்கி வருவன பற்றி ஐரோப்பா அத்துணை கவலைகொள்ளவில்லை.

குடியேற்றவாத ஆட்சிக்காலத்து இலங்கையும் இம்மனப்பாங்கின் வேறொரு வடிவத்தைக் கண்டது. இராமநாதபுரக் கரையிலே, இந்திய மண்ணில், இலங்கை அரசாங்கம் நடத்திய மண்டபம் முகாமில், தோட்டங்களுக்குப் புறப்பட்டு வந்த தமிழ்த் தொழிலாளர் நாட்கணக்கில் தடுத்துவைக்கப்பட்டு ஆராயப்பட்டனர். தோட்டத்தைக் காக்கும் அளவுக்கு அந்த ஏற்பாடு செம்மையானது. தொழிலாளி விட்டுவந்த கிராமத்தில் வாந்திபேதி ஏன் ஓயாதிருந்தது என்ற வினா அம்முகாமின் வேலியைத் தாண்டி எழவில்லை.

உலக சுகாதார தாபனம் 1948இல் தோன்றிய பின்னரும் இந்நிலை உடன் மாறிவிடவில்லை. 1951இல் இயற்றப்பட்ட சர்வதேச விதிகள் 6 நோய்களை மட்டுமே அறிவிக்கப்பட வேண்டியனவாகக் கொண்டன. பெரியம்மை ஒழிந்தபின் 1981இல் எஞ்சியவை மூன்று: வாந்திபேதி, கொள்ளைநோய், மஞ்சட்காய்ச்சல். பாரிசு மாநாட்டின் அதே மூன்று! அவ்விதிகளை மதித்து அறிவித்தவர் பெற்ற பயன் யாது? 1991இல் பெரு நாட்டில் வாந்திபேதி தோன்றியபோது அதன் மீன் ஏற்றுமதிக்குத் தடைகள் எழுந்தன. ஏற்றுமதியிலும் சுற்றுலாவிலும் அந்நாடு இழந்தது 70 கோடி டொலருக்கும் மேலென மதிப்பிடப்பட்டது. 1994இல் இந்தியாவின் சூரத்து நகரில் கொள்ளைநோய் பரவியபோது இறந்தோர் ஐம்பதுக்குச் சற்று மேற்பட்டோரே. ஆயினும் விமானங்கள் நின்றன, சரக்குகள் திருப்பியனுப்பப்பட்டன. இந்தியாவின் இழப்பு 170 கோடி டொலருக்குக் குறையாதெனக் கணக்கிடப்பட்டது. இவற்றைக் கண்டிருந்த ஏனைய அரசுகள் எத்தகைய பாடத்தைக் கற்றிருக்கும் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

2002ஆம் ஆண்டின் இறுதியில் சீனாவின் குவாங்டொங் மாகாணத்தில் தோன்றிய சார்சு நோய் மறைக்கப்பட்டது. ஹனோய் நகரில் அதனை இனங்கண்டு எச்சரித்த இத்தாலிய மருத்துவர் கார்லோ உர்பானி 2003 மார்ச்சில் அதே நோய்க்குப் பலியானார். இந்த அதிர்ச்சியின் விளைவாகவே 2005ஆம் ஆண்டின் சர்வதேச சுகாதார ஒழுங்குவிதிகள் பிறந்தன. அவை முன்னையவற்றினும் மேம்பட்டன என்பதில் ஐயமில்லை. நோய்ப் பட்டியலோடு நில்லாது, சர்வதேச அவசரநிலையாகக் கூடிய எந்நிகழ்வையும் மதிப்பிட்டு 24 மணி நேரத்துள் அறிவிக்கவேண்டுமென அவை கட்டளையிட்டன. ஆயின் அவ்விதிகளின் மொழிநடையையே சற்று உற்றுநோக்குக. ஏழை நாடு அறிவிக்கவேண்டிய கடப்பாட்டுக்கு மணிக்கணக்கு உண்டு. செல்வந்த நாடு உதவவேண்டிய கடப்பாடோ 'இயன்ற அளவு' என்னும் சொற்களுள் அடங்கிவிடுகிறது. தாபனத்தின் விதந்துரைக்கு மேலாகப் பயணத்தையோ வர்த்தகத்தையோ தடுக்கும் அரசு அதற்குரிய விஞ்ஞானக் காரணத்தைக் காட்டவேண்டுமென 43ஆம் உறுப்புரை கூறுகிறது. காட்டாவிட்டால் நேர்வது யாதொன்றுமில்லை. ஒமிக்ரோன் காலத்தில் அவ்வுறுப்புரை வெறும் எழுத்தாய்க் கிடந்தது.

இந்த ஏற்பாட்டின் மறுபாதியை இந்தோனேசியா வெளிச்சத்துக்குக் கொணர்ந்தது. இன்புளுவென்சா வைரசுகளை உலக நாடுகள் யாவும் தாபனத்தின் வலையமைப்பில் உள்ள ஆய்வுகூடங்களுக்கு இலவசமாக அனுப்புதல் 1952 முதல் நிலவிவந்த வழக்கம். பறவைக் காய்ச்சலால் அந்நாளில் மிகுந்த மரணங்களைக் கண்ட இந்தோனேசியாவும் அவ்வாறே அனுப்பியது. அவ்வைரசிலிருந்து அவுஸ்திரேலியக் கம்பனி ஒன்று தடுப்பூசி ஆக்குகின்றது என்பதை அந்நாடு பின்னரே அறிந்தது. மாதிரியைக் கொடுத்தவர் தடுப்பூசியை விலைகொடுத்து, அதுவும் வரிசையின் கடைசியில் நின்று, வாங்கவேண்டிய நிலை. 2007இன் தொடக்கத்தில் சுகாதார அமைச்சர் சித்தி பதிலா சுபாரி மாதிரிகளை அனுப்ப மறுத்தார். உடனே மேற்கத்தைய பத்திரிகைகளும் அறிஞர் பலரும் அவர்மீது பாய்ந்தனர். உலகின் பாதுகாப்பைப் பணயம் வைக்கின்றார் என்றனர். அவ்வம்மையார் பின்னாளில் ஊழல் வழக்கொன்றிற் சிறைசென்றார் என்பது உண்மையே. எனினும் வழக்குரைப்பவரின் ஒழுக்கக்கேடு வழக்கின் நியாயத்தைக் கெடுத்துவிடாது. அந்த மறுப்பு இல்லாதிருப்பின், மாதிரியையும் பயனையும் ஒருங்கே பகிரும் 2011ஆம் ஆண்டின் ஏற்பாடு உருவாகியிராது. அதுவும் இன்புளுவென்சா ஒன்றுக்கு மட்டுமே உரியதாக முடிந்தது.

இனி எதிர்வாதத்துக்கு வருவோர் கூறுவது ஒன்றுண்டு. உண்மைப் பகை மறைப்பேயன்றித் தண்டனையன்று. சீன அரசு 2003இலும் மறைத்தது, 2019இன் இறுதியில் வூகானில் எச்சரித்த மருத்துவரைக் காவற்றுறை அழைத்துக் கண்டித்தது என்பர். மறைப்புக் கொடியதே. அதனால் இறந்தோர் முதற்கண் அந்நாட்டு மக்களே என்பதால் அதற்கு எவ்வித சமாதானமும் கூறுவதற்கில்லை. ஆயின் மறைப்பவனுக்கும் தடை, அறிவிப்பவனுக்கும் தடை என்றால், மறைப்பவனுக்குச் சில வாரங்களேனும் மிஞ்சுகின்றன. இவ்விலைப்பட்டியலை வைத்துக்கொண்டு நேர்மையை எதிர்பார்ப்பது பேதைமை.

அறிவிப்பவருக்குப் பரிசளித்த காலமும் உண்டு. பெரியம்மை ஒழிப்பு இயக்கத்தின் இறுதிக்கட்டத்தில் இந்தியாவில் புதிய நோயாளி ஒருவரைக் காட்டித்தருவோர்க்குப் பணப்பரிசு வழங்கப்பட்டது. 1975இல் அது 1000 ரூபாவை எட்டிற்று. 1978இல் உலக சுகாதார தாபனமே 1000 டொலர் பரிசை அறிவித்தது. கிராமத்துச் சிறுவனும் சந்தை வியாபாரியும் அவ்வியக்கத்தின் கண்களாயினர். 1980இல் அந்நோய் உலகினின்றும் நீங்கியதாக அறிவிக்கப்பட்டது. இன்றைய கண்காணிப்பு நிபுணர் இவ்வியக்கத்தின் வெற்றியைப் புகழுமளவுக்கு அதன் இந்த எளிய நியாயத்தைக் கவனிப்பதில்லை.

விஞ்ஞானத்தை மீறுவது செல்வந்த நாடுகளுக்கே உரிய தீமையென எண்ணி இங்குள்ளோர் மனநிறைவு கொள்ளவும் இடமில்லை. கொவிட்டினால் இறந்தோரை அடக்கம் செய்யவும் தகனம் செய்யவும் தாபனத்தின் வழிகாட்டல் ஒருங்கே இடமளித்திருக்க, இலங்கை அரசு 2020 ஏப்ரலில் வர்த்தமானி மூலம் தகனத்தைக் கட்டாயமாக்கியது. 2021 பெப்ரவரி இறுதிவரை முஸ்லிம் மக்களின் ஜனாஸாக்கள் உறவினரின் கண்ணீரையும் பொருட்படுத்தாது எரிக்கப்பட்டன. பிறந்து இருபது நாளேயான சிசுவொன்றும் அவற்றுள் அடங்கும். அரசாங்கம் மன்னிப்புக் கோரியது 2024 ஜூலையில். நிலத்தடி நீர் மாசுறும் என்ற கூற்றை அக்காலத்தில் ஆதாரம் கேளாது வழிமொழிந்தோருள் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றோரும் இருந்தனர் என்பதை மறத்தலாகாது. சர்வதேச விதிக்குப் பல்லில்லாதபோது அதன் பயனை வலியோர் எங்கும், எவ்வளவிலும் எடுத்துக்கொள்வர்.

தலைமை பற்றியும் ஒரு சொல். 2013 டிசம்பரில் கினியின் சிற்றூர் ஒன்றிற் தொடங்கிய எபோலா, எல்லை கடந்த மருத்துவர் அமைப்பு 2014 ஜூனிற் கட்டுமீறிவிட்டதென எச்சரித்த பின்னரும், ஓகஸ்ட் 8ஆம் திகதியே சர்வதேச அவசரநிலையாக அறிவிக்கப்பட்டது. 11,300 பேருக்கு மேல் மாண்டனர். தாபனத்தின் மந்தத்தைப் பலரும் பழித்தனர். அதன் வரவில் உறுப்புநாடுகளின் கட்டாயச் சந்தா பல்லாண்டுகளாக ஐந்திலொரு பங்கினும் குறைவாக இருந்ததையும், எஞ்சியது கொடுப்போர் விரும்பிய காரியத்துக்கெனக் கட்டிக் கொடுக்கப்பட்டதையும் பழித்தோர் சிலரே. அவ்வகையிற் பெருங்கொடையாளியாக விளங்கிய ஐக்கிய அமெரிக்கா 2025 ஜனவரி 20ஆம் திகதி ஒற்றைக் கையொப்பத்தால் விலகலை ஆணையிட்டது. அதே ஆண்டு ஜூலையில் 2024இன் திருத்திய ஒழுங்குவிதிகளையும் நிராகரித்தது. உலகைக் கொள்ளைநோயினின்று காக்கும் தலைமை தமதே எனப் பல்லாண்டுகள் முழங்கியவர் செயல் இது. ஒருவர் தயவில் நடக்கும் தலைமை அவர் எழுந்து போகும்வரைதான் தலைமை.

2025 மே 19ஆம் திகதி குழுநிலையில் 124 நாடுகள் ஆதரித்து, எதிர்ப்பின்றி, 11 நாடுகள் நடுநிலை வகிக்க ஏற்கப்பட்டு, மறுநாள் நிறைவேறிய பெருந்தொற்று உடன்படிக்கை, மாதிரிகளைப் பகிரும் நாடுகளுக்குப் பயனிலும் பங்கு வேண்டுமென்ற கோட்பாட்டை ஏற்றுள்ளது. பெருந்தொற்றுக் காலத்தில் உற்பத்தியாகும் தடுப்பூசி முதலியவற்றில் 20 வீதத்தைத் தாபனத்துக்குக் கிடைக்கச் செய்தல், அதில் அரைப்பங்கையேனும் நன்கொடையாக வழங்குதல் என்பன அதிற் பேசப்படுகின்றன. ஆயின் இதனை நடைமுறைப்படுத்தும் இணைப்பு மட்டும் பின்னைய பேச்சுவார்த்தைக்கெனத் தள்ளிவைக்கப்பட்டது. முழு உடன்படிக்கையின் உயிரும் அவ்விணைப்பிலேயே தங்கியுள்ளது. மாதிரிக்குக் கட்டாயம், பயனுக்கு விருப்பம் என்ற பழைய ஏற்பாட்டை அதிற் புகுத்திவிடின், 1892இன் வெனிசு உடன்படிக்கைக்கும் இதற்கும் தாள் ஒன்றே வேறுபாடாகும். பயனைக் கட்டாயமாக்கினால் ஆராய்ச்சியின் வேகம் குன்றும் என்று மருந்துக் கம்பனிகளின் சார்பில் வாதிடப்படுகிறது.

வேகம் பற்றிய இவ்வாதத்துக்கு எம்பொக்சு நோயின் கதையே விடை. மனிதரில் அந்நோய் முதன்முதற் கண்டறியப்பட்டது 1970இல், கொங்கோவில், ஒரு குழந்தையிடத்து. அதன்பின் பல தசாப்தங்களாக அந்நாடு நோயாளரைக் கண்டுவந்தது. 2022இல் அந்நோய் ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் எட்டியதும் சில மாதங்களுக்குள் அங்கு தடுப்பூசிகள் இலட்சக்கணக்கில் ஏற்றப்பட்டன. கொங்கோவுக்கு முதலாவது தடுப்பூசித் தொகுதி வந்திறங்கியது 2024 செப்டெம்பர் 5ஆம் திகதி. அதிலிருந்தவை ஓர் இலட்சத்துக்கும் சற்றுக் குறைவு.