வரிசைப் பூட்டும் பழங்குறிப்பும்

கணிப்பொறி கொண்டு கணக்கு வைக்கும் காரியாலயம் எதுவாயினும், அங்கே தரவுத்தளத்திற்கு அடுத்தபடியாக மதிக்கப்படுவது, அதனைக் கையாளும் முறையை நிரலெழுதுவோர்க்கு எடுத்துரைக்கும் விளக்கக் குறிப்பேயாம். புதிதாக வேலையிற் சேர்வோன் முதன்முதற் கையிலெடுப்பது அதுவே. அவன் அதனை ஐயுறுவதில்லை. ஐயுறுதற்கு வேண்டிய அநுபவம் அவனுக்கு இன்னும் வாய்க்கவில்லை. ஆகலின், அக்குறிப்புப் பழமைப்பட்டுப் பொய்யாய்ப் போனவிடத்து, குறிப்பே இல்லாதிருப்பதினும் மிக்க கேடு விளைகின்றதென்பது நமது கொள்கை. இதனைத் தரவுத்தளத்தின் வரிசைப் பூட்டு என்னும் ஒரு விஷயத்தைக் கொண்டு விளக்கப் புகுகின்றோம்.

ஒரு கல்லூரியின் கட்டணக் கணக்கை எடுத்துக்கொள்வோம். மாணவர் அட்டவணையில் ஒவ்வொரு மாணவனுக்கும் ஒரு வரிசை உண்டு. அவன் செலுத்தும் தொகை ஒவ்வொன்றும் கட்டண அட்டவணையில் ஒரு வரிசையாக ஏறி, அயல் திறவுகோல் என்னும் பிணைப்பினால் மாணவனது வரிசையைச் சுட்டி நிற்கும். எழுத்தர் ஒருவர் தொகையைப் பதியும் கணத்தில் மற்றொருவர் அம்மாணவனது வரிசையையே அழித்துவிடுவாராயின், தொகை யாருடையதென்று அறிய வழியில்லை. அது நேராதபடி, தொகை பதியப்படும்போது தரவுத்தளம் தானாகவே மாணவனது வரிசையைப் பூட்டிவைக்கின்றது. இதுவரையில் ஐயமில்லை. அப்பூட்டு எத்துணை வன்மையுடையது என்பதிலேதான் சங்கடமெல்லாம்.

கலிபோர்னியா சர்வகலாசாலையின் பெர்க்லி நகரத்துக் கல்விச்சாலையிற் பிறந்து, இன்று உலகெங்கும் வழங்கும் போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளத்தை நோக்குக. 2005ஆம் ஆண்டில் 8.1 என்னும் பதிப்பு வெளிவருமுன், இந்தப் பிணைப்புச் சோதனைக்காக அது இட்டது, ‘ஃபார் அப்டேட்’ என்னும் முழுப் பூட்டு. ஒரே மாணவன் பேரில் இரண்டு தொகைகளை இருவர் ஒரே காலத்திற் பதியவும் இயலாது; ஒருவர் முடிக்குமளவும் மற்றவர் காத்திருக்க வேண்டும். 8.1இல் பலர் ஒருங்கே பகிர்ந்துகொள்ளத்தக்க ‘ஃபார் ஷேர்’ என்னும் பூட்டு வந்தது. காத்திருத்தல் குறைந்தது, ஆயினும் நூதனமான ஓர் இடர் எஞ்சியது. இரு பரிவர்த்தனைகள் ஒரே மாணவன் பேரில் தொகை பதிந்து, பின்பு இரண்டும் அவனது நிலுவைத் தொகையை மாற்ற முயலுமாயின், ஒன்று பிடித்திருக்கும் பகிர்வுப் பூட்டை மற்றொன்று விடச்சொல்லி நிற்கும்; இரண்டும் விடா. இதுவே டெட்லாக் எனப்படும் முட்டுக்கட்டை. வழக்கமான அமைப்பில், தரவுத்தளம் ஒரு விநாடி பார்த்திருந்து, இரண்டில் ஒன்றைத் தள்ளிவிடும்.

2013ஆம் ஆண்டில் வெளிவந்த 9.3ஆம் பதிப்பு இவ்விடரைக் களைந்தது. பிணைப்புச் சோதனைக்கு வேண்டுவது, மாணவனது வரிசை அழியாதிருத்தலும் அவனது எண் மாறாதிருத்தலுமேயன்றி, அவனது விலாசமோ நிலுவையோ மாறாதிருத்தலன்று. இந்த எளிய உண்மையைக் கொண்டு, ‘ஃபார் கீ ஷேர்’ என்றும் ‘ஃபார் நோ கீ அப்டேட்’ என்றும் இரண்டு மெல்லிய பூட்டுகள் அமைக்கப்பட்டன. இவை ஒன்றையொன்று தடுப்பதில்லை. தொகை பதிதல் முன்னதையும், விலாசம் மாற்றுதல் பின்னதையும் கொள்ளும். ஆதலால் இரண்டும் ஒருங்கே நிகழும்.

இனி, 2010ஆம் ஆண்டில் எழுதப்பெற்ற ஒரு காரியாலயக் குறிப்பை எண்ணிப் பார்ப்போம். “கட்டணம் பதியுமுன் மாணவனது வரிசையை ஃபார் அப்டேட் கொண்டு பூட்டுக” என்று அதிற் கண்டிருக்கும். அந்நாளில் அது நல்ல உபதேசமே. முட்டுக்கட்டைக்கு அதுவே மருந்து. 9.3க்குப் பின்னரோ மருந்தே நோயாயிற்று. ஏனெனில், ‘ஃபார் அப்டேட்’ மட்டும் ‘ஃபார் கீ ஷேர்’ பூட்டையும் தடுக்கும். தானாக நடந்திருக்குமாயின் தடையின்றி நடந்திருக்கும் வேலையை, குறிப்பைப் படித்தவன் தன் கையால் நிறுத்திவைக்கின்றான். அவன் மேலதிகாரி தரவுத்தளம் மந்தமென்று பழிக்கின்றார். சிலர் ஒருபடி மேலேறி, அயல் திறவுகோலையே நீக்கிவிடச் சொல்வர். அப்பால் உரியவனில்லாத தொகைகள் அட்டவணையிற் சேரத் தொடங்கும். அதனைத் தணிக்கையாளர் வந்தபின்தான் அறிவர்.

காலத்தால் மட்டுமன்று, இடம் மாறியும் குறிப்புப் பொய்யாவதுண்டு. “பல வரிசைகளைப் பூட்டினால் பூட்டு முழு அட்டவணைக்கும் விரியும்” என்பது மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தாரின் சீக்வெல் சர்வர்க்குப் பொருந்தும் வாக்கியம். அங்கே ஒரே கட்டளை ஓர் அட்டவணையில் ஏறக்குறைய 5,000 பூட்டுகளைக் கொள்ளுமாயின் அத்தகைய விரிவு முயலப்படுவது வழக்கம். போஸ்ட்கிரெஸிலோ பூட்டின் அடையாளம் அந்தந்த வரிசையின் தலைப்பிலேயே எழுதப்படுகின்றது, நினைவகத்தில் அன்று. எத்தனை இலக்ஷம் வரிசைகளைப் பூட்டினும் விரிவென்பதில்லை. இக்காரணம்பற்றியே, ‘பிஜி லாக்ஸ்’ என்னும் பட்டியலில் வரிசைப் பூட்டுகள் பெரும்பாலும் தோன்றுவதில்லை. காத்திருப்பவன், பிடித்திருப்பவனது பரிவர்த்தனை எண்ணுக்காகக் காத்திருப்பதாகவே காணப்படுவான். இதனையறியாதார் பட்டியலைப் பார்த்துப் பூட்டே இல்லையென்று முடிவு கட்டுவர்.

“நிரலே உண்மை, குறிப்புக்கள் என்றும் பின்தங்குவனவே, அவற்றிற்குச் செலவிடும் நேரம் வீண்” என்று கூறும் நண்பர்கள் உளர். நிரல், நடப்பது யாதென்று சொல்லும். ஏன் அவ்வாறு நடக்கவேண்டுமென்று சொல்லாது. போஸ்ட்கிரெஸை ஆக்குவோரே இதனை நன்குணர்ந்தவர். மேற்சொன்ன மெல்லிய பூட்டுகளின் உட்பொருளை விளக்கும் ரீட்மி ஏடொன்றை, அவற்றை நடத்தும் மூலநிரலின் பக்கத்திலேயே வைத்திருக்கின்றனர். நிரலை மாற்றுபவன் கண்ணில் அது படாமற் போகாது. குறிப்பை வேறோர் அறையில் வேறொருவர் பொறுப்பில் விட்டுவைத்தால் அது மூப்படைவதில் வியப்பென்னை?

ஆதலின், நிரலை மாற்றியவனே குறிப்பையும் அதே நாளில் மாற்றுதல் வேண்டும் என்போம். புதிதாக வந்தவனிடம் “நீ படிக்கும்போதே திருத்திக்கொள்” என்று தள்ளிவிடுவது, நாம் பல காரியாலயங்களைக் குறித்துக் கேள்வியுறும் வழக்கம். எது பிழையென்று அறியாதவன் திருத்துவது எங்ஙனம்? திருத்தத்தை மதிப்பெண்ணுக்குரிய வேலையாகக் கல்லூரிகளும், சம்பளத்திற்குரிய வேலையாகக் காரியாலயங்களும் கொள்ளல் வேண்டும். சோதித்தற்கும் பெருஞ்செலவில்லை. இரண்டு சாளரங்களைத் திறந்து, ஒன்றிற் பூட்டிட்டு, மற்றொன்றில் தொகையைப் பதிந்து பார்த்தால், காத்திருக்கின்றதா இல்லையா என்பது இரண்டு நிமிஷத்தில் விளங்கிவிடும்.

பழைய வாக்கியத்தை அடியோடு அழித்துவிடலாமா என்று கேட்கலாம். கூடாதென்றே நினைக்கின்றோம். முன்னோர் இட்ட ‘ஃபார் அப்டேட்’ இன்னும் நிரலில் நிற்கும். அது ஏன் இடப்பட்டதென்று தெரியாதவன் அதனை எடுக்கவும் அஞ்சுவான், விடவும் அஞ்சுவான். எனவே மேற்கண்ட 2010ஆம் ஆண்டுக் குறிப்பில் இடத்தக்க திருத்தம் இது: “9.2ஆம் பதிப்பு வரையில், முட்டுக்கட்டையைத் தவிர்க்க மாணவனது வரிசையை ஃபார் அப்டேட் கொண்டு பூட்டினோம். 9.3 முதல் அது வேண்டுவதில்லை. நிலுவையைப் படித்துக் கணக்கிட்டு மாற்றுமிடத்து மட்டும் ஃபார் நோ கீ அப்டேட் இடுக; வரிசையை அழிப்பதாயினும் மாணவனது எண்ணை மாற்றுவதாயினும் ஃபார் அப்டேட் இடுக. இன்ன பதிப்பில், இன்ன நாளில், இரண்டு சாளரம் வைத்துச் சோதிக்கப்பட்டது.”